சேனை தொட்ட விரல்

பெயர் அஜந்தன். வயது இருபத்தாறு. இப்போது இருப்பது கத்தாரில், தோகாவுக்கு வெளியே, ஜன்னலைத் திறந்தால் மணல் உள்ளே வந்து மெத்தையில் படுத்துக்கொள்ளும் ஒரு தொழிலாளர் விடுதியில். ஆனால் இந்தக் கதை அங்கே நடக்கவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மேல்மாடி வீட்டில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு பகலில் நடந்தது. அன்றைக்குத்தான் அவன் தன் மகளை முதன்முதலாகக் கண்டான்.

அஜந்தன் பயந்த சுபாவம். இதை அவன் ஒளிப்பதில்லை. ஒளித்தும் பயனில்லை, அவன் பிறந்து வளர்ந்த மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிழுகிறாரா என்று எட்டி எட்டிப் பார்ப்பான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி வழி போனவன் திரும்பி வந்து மறுபடியும் அணைத்துப் பார்ப்பான். யாராவது போன் எடுக்காவிட்டால் அவர்களுக்கு என்னென்ன நடந்திருக்கும் என்று அவன் மனம் வரிசையாகப் படம் ஓட்டும். இதற்கெல்லாம் காரணம் என்ன என்பதும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் பிறந்தபோது சேனை தொட்டு வைத்தது வேலாயி அத்தை.

சேனை பெரிய சடங்கு ஒன்றுமில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யாராவது ஒருவர் விரலால் தொட்டு வைப்பார். சீனித் தண்ணியோ கற்கண்டுத் தண்ணியோ, ஒரு துளி, அவ்வளவுதான். ஆனால் யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடும். தோட்டத்தில் ஒருத்தி வாயாடியாக இருந்தாலும், ஒருத்தன் வேலைக்குப் போகாமல் போர்த்திப் படுத்தாலும், இவர்களுக்கு யார் சேனை வைத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அஜந்தன் பிறந்த அன்றைக்குப் பக்கத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அவனுடைய அப்பாவின் தங்கை வேலாயியைக் கூப்பிட்டார்கள். வேலாயி அத்தைக்குத் தவளைக்குப் பயம், இடிக்குப் பயம், சைக்கிளுக்குப் பயம். போட்டோ எடுக்க நின்றால்கூடக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். தாயும் தகப்பனும் போனபிறகு அவனை வளர்த்ததும் அவள்தான். பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இடி இடித்தால் அத்தையும் மருமகனும் ஒரே கம்பளிக்குள் நுழைந்துகொள்வார்கள். யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்பது கடைசி வரை முடிவாகாது.

ஆகவே மனைவி சுதர்சினி உண்டாகியிருக்கிறாள் என்று போனில் கேட்ட நாள் முதல் அஜந்தனுக்கு ஒரே எண்ணம். பிள்ளை ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா, எதுவும் அவனுக்குப் பெரிதில்லை. தன்னுடைய பயம் மட்டும் அதற்குப் போய்ச் சேரக் கூடாது. சேனைக்கு யார், சேனைக்கு யார் என்று மாமியார் அழகம்மாவை அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அழகம்மா தன் அண்ணன் காளிமுத்துவின் பெயரைச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

காளிமுத்துவைவிடப் பொருத்தமான ஆள் அந்த மலையிலேயே கிடையாது. ஒருமுறை தொழிலாளர் வரிசை வீடுகள் உள்ள லயத்துக்குள் சிறுத்தை வந்து கோழிக்கூட்டைப் பிரித்தபோது சனமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அலறியது. காளிமுத்து மட்டும் வாசல் கல்லில் உட்கார்ந்து, கையில் இருந்த பிளேன்டீயைக் கடைசி மடக்கு வரை குடித்துக்கொண்டிருந்தார். சிறுத்தை அவரைப் பார்த்தது, அவர் சிறுத்தையைப் பார்த்தார், அது தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறார்கள்.

ஆனால் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது. அழகம்மா வாதாடிப் பார்த்து, பிறகு தனக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். தாய்ப்பாலும் இனிப்புத்தானே. பிள்ளை வீட்டுக்கு வருகிற அன்று, அந்தப் பாலிலேயே ஒரு சொட்டு, அண்ணன் காளிமுத்துவின் விரலால்.

பிள்ளையும் தாயும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த காலையில்தான் அஜந்தனுக்கும் லீவு கிடைத்து விமானம் இறங்கியது. கட்டுநாயக்கவிலிருந்து கண்டி பஸ்ஸில் அவன் தூங்கவுமில்லை, விழித்திருக்கவுமில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ் மேகத்துக்குள் போனது. ஜன்னலில் மரங்கள் வந்து வந்து கரைந்தன. பாலைவனத்திலிருந்து வந்த கண்ணுக்கு அத்தனை பச்சையும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. பேராதனைப் பாலத்தில் ஆற்றைக் கண்டபோது, இந்தத் தண்ணீர்தான் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழேயும் போகிறது, தனக்கு முன்னால் இது போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தான். பிறகு ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறதே என்று பயப்பட ஆரம்பித்தான். அது அவன் வழக்கம்.

வீட்டுச் சொந்தக்காரி, சித்தி றலியா என்று பெயர், கீழ்த்தளத்தில் இருக்கிறார். அக்குறணையில் பிறந்து கட்டுகஸ்தோட்டைக்கு வாழ வந்தவர். வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளை என்று பார்க்காமல், சுதர்சினிக்குப் பிரசவ நோ எடுத்த அன்று முச்சக்கர வண்டி பிடித்துக் கூடவே போனவர். கத்தாரிலிருந்து பேரீச்சம்பழம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அஜந்தன் பெட்டியைக் கையில் கொடுத்ததும் அங்கேயே நின்றபடி உடைத்தார்.

"மொதல்ல நீங்க ரெண்டு திண்ணுங்க மகன். மொகமெல்லாம் வாடிப் பெய்த்து. புள்ள எங்கயும் ஓடாது, மேல தான் ஈக்கிது."

மெத்தென்ற பழம். விரலில் தேன்போல ஒட்டியது. வாயில் போட்டபடியே அவன் படி ஏறினான். ஒவ்வொரு படியிலும் வேறு வேறு வாசனை இறங்கி வந்தது: சாம்பிராணி, பூண்டு வதங்கும் மணம், வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்கும் குளிப்புத் தண்ணீர், அதற்கெல்லாம் மேலே அவனுக்குப் பழக்கமில்லாத புதிய பால் வாசனை. வீடு முழுக்க ஆவி. குசினி அடுப்பிலிருந்து கிளம்பிய ஆவி நடுக்கூடத்தில் மிதந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் மேலும் அதே வெள்ளை. எது வீட்டு ஆவி, எது ஆற்று மூடுபனி என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் சுதர்சினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். வயிற்றில் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. காதில் பஞ்சு. போன் திரையில் பார்த்த முகத்தைவிட இந்த முகம் சிறியதாகவும் அதிகத் தூரத்தில் இருப்பதாகவும் பட்டது.

அவள் பக்கத்தில், அவளுடைய பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, ஒரு சிவப்பு முகம்.

குசினியிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது. தண்ணி ஆறுது, சீக்கிரம் வா, மாப்பிள்ளை பாப்பாவப் பார்த்துக்குவாரு என்று. சுதர்சினி மெல்ல எழுந்து, பிள்ளையை இரண்டு கையிலும் அள்ளி அவன் பக்கம் நீட்டினாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்றான். விமான நிலையத்திலும், பஸ் ஸ்டாண்டிலும், கீழே குழாயிலும் கழுவிய கைதான். அவனைத் தெரிந்தவர்கள் அவன் கை கழுவுவதைப் பார்த்தால் திரும்பிக்கொள்வார்கள்.

"கழுவினது போதும். புடிங்க," என்றாள் சுதர்சினி.

பிடித்தான்.

கனம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. சூடு மட்டும் இருந்தது, ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தால் இருக்கிற சூடு. சுதர்சினி சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளிக்கப் போனாள். மழை கூரைத் தகரத்தில் மெதுவாகத் தொடங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து, அவனையும் பார்க்காமல் வேறெதையும் பார்க்காமல், ஆனால் எதையோ மிகவும் தெரிந்ததுபோலப் பார்த்தது. அஜந்தன் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொண்டான். தூக்கமில்லாத உடம்பு மெல்ல மெல்ல அசையத் தொடங்கியது. பிள்ளை அசைகிறதா, தான் அசைகிறோமா, ஆற்றின் மேல் வீடுதான் தோணிபோல அசைகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தோகாவில் இல்லை, கண்டியில் இல்லை, எங்கேயும் இல்லை. இப்படியே மழை பெய்துகொண்டிருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று தோன்றியது. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு எண்ணம் வந்தது அதுதான் முதல் தடவை.

கன்னத்தில் துணி நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுக்க விரலை நீட்டினான். பிள்ளை தலையைத் திருப்பியது. வாயைக் குருவிக்குஞ்சுபோலத் திறந்து விரலைக் கவ்விக்கொண்டது. அத்தனை பலம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று அவன் ஆச்சரியப்பட்டான். அது சப்பியது. நிறுத்தியது. புருவத்தைச் சுருக்கி யோசித்தது. மறுபடியும், இந்தத் தடவை ஆசையோடு, சப்பியது.

அப்போதுதான் அஜந்தனுக்கு அந்த விரலில் என்ன இருந்தது என்று ஞாபகம் வந்தது.

விரலை மெல்ல உருவிக்கொண்டான். அழகம்மா அகப்பையோடு வெளியே வந்தபோது மாப்பிள்ளை கூடத்தின் நடுவில் பிள்ளையை ஏந்தியபடி, விரலை மட்டும் தனியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னான்: பேரீச்சம்பழம், படி, பழம் தின்ற பிறகு கை கழுவாதது, நாக்கில் பட்டது. அழகம்மா அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். சேனை ஒருமுறைதான். தொட்டது தொட்டதுதான், துடைத்தெடுக்க முடியாது.

"ஊரெல்லாம் தேடி ஆள் புடிச்சு வச்சேன். கடைசில வேலாயி பேத்தியாவே ஆக்கிட்டீங்களே மாப்ள," என்றாள்.

அஜந்தனுக்கு அதைவிட வேறு பயமும் சேர்ந்துகொண்டது. தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் ஆகாது என்றார்களே. மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் போட்டான். அவர் சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாகக் கேட்டார். பிள்ளை மூச்சு விடுகிறதா, நிறம் மாறியிருக்கிறதா, வாந்தி எடுத்ததா. இல்லை, நன்றாக இருக்கிறது, இன்னும் வேண்டும் என்பதுபோல நாக்கைச் சுழற்றுகிறது என்றான். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது அவனுக்கும் விளங்கியது. தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார். பிள்ளையைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். இனி விரலை நன்றாகக் கழுவச் சொன்னார். கடைசியாக, அவனைப் போய்க் கொஞ்சம் தூங்கச் சொன்னார்.

சத்தம் கேட்டு மேலே வந்த சித்தி றலியாவுக்கு இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. முஸ்லிம் வீடுகளில் பிள்ளை பிறந்தால் நல்ல மனிதர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று நாக்கில் தடவுவது வழக்கமாம். பழமும் வந்திருக்கிறது, வாப்பாவும் வந்திருக்கிறார், இதைவிட என்ன வேண்டும் என்றார். அழகம்மா, வந்த பழத்தில் குறையில்லை, வந்த விரலில்தான் குறை என்று முணுமுணுத்தாள். றலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அஜந்தன் சிரிக்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒரு மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தது. அது அவன் நெற்றியில் விழும் அதே இடம். வந்துவிட்டது, இப்போதே வந்துவிட்டது என்று தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

காளிமுத்து வந்து சேரப் பிந்திவிட்டது. பன்விலவுக்கு இப்பால் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பெரிய மீசை. நிதானமான நடை. சிறுத்தையைப் பார்த்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழகம்மா முதலில் துவாயைக் கொடுத்தாள், பிறகு தேத்தண்ணி கொடுத்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

காளிமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின.

"நல்லதாப் போச்சு தங்கச்சி. ரெண்டு நாளா எனக்கு வயித்தால போய்க்கிட்டு இருக்கு."

என்ன சாப்பிட்டாய் என்று அழகம்மா பதறினாள். சாப்பாடு இல்லை, பயம் என்றார் அவர். பிள்ளைக்குத் தன் குணம் போய்விடுமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டதாம். மரம் விழுந்து பஸ் நின்றபோது, இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாராம்.

அழகம்மாவுக்கு ஏற்கவே முடியவில்லை. "சிறுத்தை வந்தப்போ டீ குடிச்சுக்கிட்டு இருந்த ஆளு நீ."

காளிமுத்து மீசையைத் தடவினார்.

"கால் எழும்பல தங்கச்சி. ஓடணும்னுதான் பார்த்தேன். ரெண்டு காலும் செத்துப்போன மாதிரி. கையில டீ இருந்திச்சு. வேற என்ன செய்ய?"

முதலில் சிரித்தது சித்தி றலியா. பிறகு குளித்து முடித்து, தலையில் துவாயோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சுதர்சினி. அவளுக்குச் சிரிக்கவும் முடியாது, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழகம்மா மட்டும் தேயிலை மலை ஒன்றையே தன் கண்முன்னால் யாரோ பெயர்த்துக்கொண்டு போனதுபோல உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளுக்கும் வாய் கோணியது.

மழை விட்டது. காளிமுத்து, இனித் தனக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்ற சந்தோஷத்தில், பூண்டுக் குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டுக் கூடத்துப் பாயில் குறட்டை விட்டார். அழகம்மா முற்றத்துக் கொடியில் துணி விரிக்கப் போனாள். உள்ளறையில் சேலைத் தொட்டில் தொங்கியது. அதன் நிழல் சுவரில் போய்ப்போய் வந்தது. ஆற்றின் மேலிருந்த வெள்ளை கிழிந்து, அக்கரையில் ஒரு தென்னையின் உச்சி மட்டும் தெரிந்து மறைந்தது. அஜந்தன் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெரல்ல பழம் ஒட்டியிருந்தத நான் பார்த்தேங்க," என்றாள் சுதர்சினி.

அவனுக்கு முதலில் கேட்டது விளங்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் பிள்ளையைக் கொடுத்தாயா என்று கேட்டான். ஆமாம் என்று தலையசைத்தாள். நாக்கில் படும் என்று தெரிந்தா? படட்டும் என்றுதான்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. அவளே சொன்னாள். கல்யாணம் முடித்த புதிதில், மடுல்கெல்லயில் அடைமழை பெய்த காலம் அது. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அஜந்தன் காய்ச்சலில் கிடந்த அவளைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினான். கோயில் வரைக்கும் ஓடினான். மற்றவர்களையும் கத்தி எழுப்பினான். மண் சரியவில்லை. அந்த மேடு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. மண்சரிவு மாப்பிள்ளை என்று அவனுக்குப் பெயர் வைத்துத் தோட்டமே சிரித்தது. அந்தக் கதையை யார் எடுத்தாலும் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிச்சேனா?"

இல்லை. அவள் சிரித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"எனக்கு ஏதும் ஆயிருமோன்னு அதுக்கு முந்தி யாருமே அப்படிப் பயந்தது கிடையாதுங்க. அப்பாகூட. அந்தக் குணம் பாப்பாவுக்கு வந்தா வரட்டும். யாருக்காச்சும் அவ இப்படிப் பயப்படட்டும்."

தொட்டிலுக்குள் பிள்ளை தும்மியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. நாக்கின் நுனியை வெளியே நீட்டி எதையோ தேடிவிட்டு, மறுபடியும் தூங்கிப்போனது. கயிறு மெல்ல ஆடியது. சுதர்சினி அவன் தோளில் தலையை வைத்தாள். அவனுக்கு விமானத்திலும் பஸ்ஸிலும் வராத தூக்கம் அப்போதுதான் எங்கிருந்தோ கால்வழியாக ஏறி வந்தது. அவன் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமலே தூங்கினான்.

லீவு முடிந்து அவன் கத்தாருக்குத் திரும்பிவிட்டான். இப்போது பிள்ளை குப்புற விழுகிறாள், கழுத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். நேற்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டில் மிக்சி ஓடியது. பிள்ளை திடுக்கிட்டு, இரண்டு கையையும் விரித்து, உதட்டைப் பிதுக்கினாள். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அச்சு அப்பன்தான் என்று யாரோ சொன்னார்கள். அஜந்தனும் திரையில் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். பிறகு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவனுக்கு அந்த உதடு மட்டும் கண்ணில் நின்றது. மிக்சி நின்ற பிறகும் அவள் யாரையோ தேடி அறை முழுக்கப் பார்த்தாள்.

இதை வாசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், அஜந்தன் கேட்பது இது ஒன்றுதான். அவள் எதற்காவது பயந்தால் சிரிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் போய் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.